தண்ணீர் குடித்த கல்

சூசைநாதன் அங்கம்மாளுக்குத் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய். அது கடனே இல்லை என்பது அவர் கட்சி.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பெரிய மார்க்கெட் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து அம்மிக்கல் விற்று, அதே வரிசையில் சொந்தக் கடை போட்டவர். தட்டிப் பார்த்தே கல்லுக்கு ஜாதகம் சொல்வார். ஐம்பது வருஷத்தில் எடையில் அவரை ஏமாற்றிய ஆள் இந்த ஊரில் பிறக்கவில்லை.

பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் 'பியேர் போன்ஸ்' என்று கேட்டு வாங்கும், குதிகால் தேய்க்கிற நுரைக்கல்லுக்கு அவர் கடைதான் கடை. எரிமலையில் உருகிய கல், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கி, நுரை அடங்குமுன் ஆறி இறுகியது. உள்ளே பாதிக்கு மேல் காற்று என்பார். வாசலில் வாளி வைத்து ஒன்றை மிதக்கவிட்டும் காட்டுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், எங்கோ கடலடியில் வெடித்த எரிமலைக் கல் குருசுக்குப்பம் கரையில் ஒதுங்கியது. மீன் விற்கும் அங்கம்மாள் நாலு மூட்டை பொறுக்கி வந்தாள். கிலோ அறுபது ரூபாய் என்று பேச்சு. தராசில் அறுபது கிலோ நின்றது. மாடியில் காயவைத்து மறுவாரம் நிறுத்தால் நாற்பது. நாற்பதுக்கு மட்டும் காசு கொடுத்தார்.

"தண்ணி ஊத்தி எடுத்தாந்திருக்க. மீனுக்கு ஐஸ் வச்சி நிறுக்கிற கைதானே."

"வெயில்ல ஒணத்திதான் கொண்டாந்தேன் அண்ணே. உள்ள இருந்தா அது கடலு ஊத்துனது."

"கல்லு தண்ணி குடிக்குமா? யாருகிட்ட சொல்ற?"

"காச நீயே வச்சிக்க. மார்க்கெட் பூரா திருடின்னு சொல்லிட்டியே, அந்தப் பேர எடுத்துரு."

அவர் எடுக்கவில்லை. அவளிடம் வாடிக்கையாக வாங்கியவர்கள் பக்கத்துக் கூடைக்குப் போனார்கள்.

ஈஸ்டர் கழிந்த ஒரு காலை, வாளியில் கல்லைக் காணோம். எவனோ தூக்கிவிட்டான் என்று வைதுகொண்டே கையை விட்டார். அடியில் கிடந்தது. துடைத்துத் தராசில் வைத்தார். கிறிஸ்துமஸ் வாரம் போட்ட அன்று நூறு கிராம், இன்று நூற்றெழுபத்தைந்து. தானாக, சத்தமில்லாமல், நாலு மாதமாகக் குடித்திருக்கிறது. அம்மிக்கல் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. கடலில் எத்தனை மாதம் மிதந்து வந்ததோ அவள் கல்.

கல்லாவைத் திறந்தார். பிறகு மீன் பக்கம் நடந்தார்.

"அங்கம்மா," என்றார், நாலு கடைக்குக் கேட்க. "கல்லு குடிக்கத்தான் செய்யுது. நீ ஊத்தல. அன்னிக்கி நின்ன எடைக்கித்தான் பேச்சு. நான் சொன்னது தப்பு."

"வாளிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரிய நாலு மாசமா அண்ணே?"

"கைய நீட்டு."

"கவிச்சி."

"பரவால்ல, நீட்டு."

செதில் ஒட்டிய உள்ளங்கையில், நூறு நூறாக, உரக்க எண்ணிப் பன்னிரண்டு தாளையும் வைத்தார்.