திட்டு வாங்காதவன்

என்னை யாரும் திட்டவில்லை என்பதுதான் என் மனக்குறை.

பணிக்காலம் முழுவதும் பிறருடைய புகார் மனுக்களைப் படித்து, குறிப்பு எழுதி, மேலே அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். மேலதிகாரி திட்டினார் என்று மனு வரும். தகாத சொல்லால் திட்டினார், எல்லார் எதிரிலும் திட்டினார் என்றும் வரும். பக்கத்து நாற்காலிக்காரரை மட்டும் திட்டுகிறார், என்னைத் திட்டுவதே இல்லை, ஆகவே தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் அந்த ஒரு மனுவை மட்டும் அன்றைக்கே மேலே அனுப்பியிருப்பேன். அந்த வயிற்றெரிச்சலின் ருசி தெரிந்தவன் நான்.

என் பெரியம்மா மகன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்காக அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டு விதி. விதியைத் திருத்தச் சொல்லி நான் பலமுறை முறையிட்டும் பலனில்லை. ராயபுரத்தில் ஒரே வீட்டின் முன்பகுதியில் அவர்களும் பின்பகுதியில் நாங்களும் இருந்தோம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. படிப்பில் அவன் எனக்குப் பின்னால்தான் வந்தான். ஆகையால் அவன்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. விரோதம் மாமாவின் ஜிம்மில்தான் பிறந்தது.

மாமா எங்கள் இருவருடைய அம்மாக்களுக்கும் தம்பி. துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடிவயிற்றிலிருந்து சரக்கு ஏறும்போது கிரேன் ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. மேல்தளத்தின் விளிம்பில் நின்று, ஏற்று, நிறுத்து, இறக்கு என்று கையசைத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாமா. மாலையில் ரயில் பாதைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பையன்களுக்குப் பளு தூக்கச் சொல்லிக் கொடுத்தார். ஜிம் என்று பேர்தானே தவிர கண்ணாடி கிடையாது, மின்விசிறி கிடையாது. கடல் காற்றில் துருவேறிய ஒரு ராடு, கொஞ்சம் இரும்புத் தட்டுகள், பற்றாக்குறைக்குப் பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றி வார்த்த வட்டுகள், கீழே மணல். அவ்வளவுதான். மாமா சம்பளம் வாங்கமாட்டார். அதை வாயால் வசூலித்துக்கொள்வார்.

நாங்கள் சேர்ந்தபோது இருவருக்கும் பதின்மூன்று வயது. முதல் நாள் வெறும் ராடைக் கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். முதலில் அண்ணன். தூக்கினான், கை லேசாக ஆடியதும், யாரும் சொல்வதற்கு முன்பே மணலில் போட்டுவிட்டுச் சிரித்தான். அடுத்து நான். தோள் எரிந்தது, கை வெடவெடத்தது.

“போதும், போடு” என்றார் மாமா.

நான் போடவில்லை. அண்ணனைவிடக் கூடுதலாகப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

“போடுறா!”

போடவில்லை. கடைசியில் ராடும் நானும் சேர்ந்து மணலில் விழுந்தோம். பையன்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் திருப்பிப் பார்ப்பது போல என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். தேர்வில் எனக்குத்தான் முதலிடம் என்று உறுதியோடு வீட்டுக்குப் போனேன். அவர் என்னை ‘டா’ போட்டது அன்று ஒருநாள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து அநீதி தொடங்கியது.

அண்ணன் ராடைத் தொட்டதுமே மாமா ஆரம்பித்துவிடுவார். “டேய் சோமாறி! நா சொல்றதுக்கு முன்னாடி கீய வெச்ச, காலை ஒட்ச்சிடுவேன்! முதுவு இன்னாடா எறாலு மாதிரி வளையுது? குதிங்காலு எங்க கீது, தரையிலயா, தண்டையார்பேட்டையிலயா? புடி! இன்னும் புடி! அயுதுகினே புடி!”

என் பக்கம் திரும்பினால் குரல் மாறிவிடும். “நீ போட்டுப் பயகு, நைனா.”

அவனுக்கு ‘சோமாறி’, எனக்கு ‘நைனா’. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினார். அவமானத்தில் எத்தனையோ வகை உண்டு. மரியாதையால் செய்யப்படும் அவமானத்துக்கு மருந்தில்லை.

போட்டுப் பழகுவது என்றால் இதுதான். நான் ராடைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து நிற்க வேண்டும். மாமா எனக்குப் பின்னால் எங்கேயோ வேறு யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். திடீரென்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். தட்டியதும் ராடை விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும். ராடு எனக்குப் பின்னால் மணலில் விழும். இதில் யோசிக்கக் கூடாது. ஆரம்பத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பேன்.

“திரும்பாத நைனா. வுட்டுட்டுக் குதி.”

“நா எப்ப மாமா தூக்கறது?”

“மொதல்ல போடு.”

பொழுது விடிந்தால் பள்ளிக்கூடம், பொழுது சாய்ந்தால் போடுவது. நாளாக ஆக அந்தக் கைத்தட்டலுக்கும் என் விரல்களுக்கும் நடுவில் நான் இல்லாமலே போய்விட்டேன். வகுப்பை அடக்க வாத்தியார் கை தட்டினால் என் பேனா கீழே விழுந்தது.

கொட்டகைப் பையன்களுக்கு நல்ல வேட்டை. “இன்னா மாமு, இன்னிக்கு எத்தினி தபா போட்ட?” என்பான் ஒருவன். “தூக்கறதுக்கு அண்ணன், போடறதுக்குத் தம்பி. ஒரே வூட்ல முழு செட்டு!” என்பான் இன்னொருவன்.

இதில் கொடுமை, அண்ணன் என்னைப் பார்த்து ஏங்கியதுதான். வீடு திரும்பும் வழியில் காதெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வருவான். “என்னை மட்டும் கரிச்சுக் கொட்றாருடா. உன்னை ஒரு வார்த்தை சொல்றாரா? நீ குடுத்து வெச்சவன்.” நான் அந்தச் சிவந்த காதுகளையே பார்த்துக்கொண்டு நடப்பேன். பிறர் மார்பில் தொங்கும் பதக்கத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்.

கோடைவிடுமுறையில் தண்டையார்பேட்டையில் சிறுவர்களுக்கான போட்டி ஒன்று வந்தது. மாமா அண்ணன் பெயரை மட்டும் கொடுத்திருந்தார். கீழ்நிலையில் நியாயம் கிடைக்காதபோது செய்ய வேண்டியதை நான் செய்தேன். அம்மாவிடம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து மாமா சாப்பிட வந்தபோது அம்மா அவர் தட்டில் வஞ்சிரத் துண்டை வைத்தபடியே தொடங்கினாள். “இன்னா தம்பி, பெரியக்கா புள்ளைக்குத்தான் சொல்லித் தருவியா? எம்புள்ள இன்னா மூட்டைக்காரனா, தூக்கித் தூக்கிப் போட்டுகினு கெடக்கறதுக்கு?”

“அவனுக்கு இன்னும் நாளு கீதுக்கா.”

“நாளு உனுக்குக் கீது, எனுக்கு இல்ல. ரெண்டு பேரையும் நிறுத்து. இல்லாங்காட்டி அடுத்த வாரம் கொழம்பு அந்தப் பக்கமே துன்னு.”

மாமா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படியாக மேலிடத்துச் சிபாரிசில் என் பெயரும் சேர்ந்தது.

போட்டி நாளன்று மைதானத்தில் ஷாமியானா, மரப்பலகை மேடை, ஒலிபெருக்கி. முதல் பரிசு மீன் ஏலக்காரர் ஒருவர் கொடுத்த எவர்சில்வர் குடம். எங்கள் வீட்டில் குடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டின் முன்பகுதியில் அது பளபளத்துக்கொண்டிருக்க, அதைத் தாண்டி நான் தினமும் பள்ளிக்குப் போகும் காட்சியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. அடுத்து எவ்வளவு எடை என்பதைப் பயிற்சியாளர் மேசையில் சொல்ல வேண்டும். குறைந்த எடை கேட்டவன் முதலில் வருவான், அதிகம் கேட்டவன் கடைசியில். எனக்கு மாமா கேட்ட எடையைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. முதல் தடவை தூக்கினேன், இரண்டாம் தடவையும் தூக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. சோடா விற்றவன்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

அண்ணன் ஏறியபோது மாமா மேடை ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். “சோமாறி, புடி! வெள்ளைக் கொடி தூக்கற வரிக்கும் புடி! வுட்ட, வூட்டுக்கு வராத!” அண்ணன் அழுதுகொண்டே பிடித்தான். நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். மூன்று வாய்ப்பும் முடிந்து, குடத்துக்கு உரியவன் அவன்தான் என்று ஆகிவிட்டது. மாமா தன் தோள்துண்டை எடுத்து அவன் முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டார்.

அந்தத் துண்டுதான் என்னை மேசைக்கு அனுப்பியது.

“மூணாவதுக்கு அண்ணன் தூக்குனதுக்கு மேல அஞ்சு கிலோ போடச் சொன்னாரு மாமா” என்றேன். அதிகார ஒப்படைப்பு இல்லாமல் நான் பிறப்பித்த முதல் ஆணை அது. மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க மாமாவே சொன்னாரா?”

“ஆமா சார்.”

எழுதிக்கொண்டார். ஒலிபெருக்கியில் என் பெயரும் எடையும் ஒலித்தபோது மாமாவின் கை துண்டோடு அப்படியே நின்றது. அதற்குள் நான் மேடையில் இருந்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவர் மேடை விளிம்பில் நின்றார். திட்டப் போகிறார் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை பேர் எதிரில், பெயர் சொல்லி, சோமாறி என்று. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. மேடையைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்பக்கம் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ராடு தோளுக்கு வந்ததே பெரும்பாடு. காலை முன்னும் பின்னும் அகட்டி மேலே தள்ளினேன். போய்விட்டது! கை நீண்டுவிட்டது. ஷாமியானாவின் ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. சோடாக்காரன் திரும்பிவிட்டான். பெண்கள் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வெள்ளைக் கொடிக்கு இன்னும் கொஞ்சம்தான். அப்போது ராடு மெதுவாகத் தலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியது. இடது முழங்கை மடங்கியது. தோளுக்குள் ஏதோ இழுபட்டது. கண் இருட்டியது. விடக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் இல்லை. அண்ணனைவிட அஞ்சு கிலோ. விடக் கூடாது.

பின்னாலிருந்து ஒரு கைத்தட்டல்.

விரல்கள் என்னைக் கேட்கவில்லை. மேடையின் முன்பக்கம் நான் கையும் காலும் ஊன்றிக் கிடந்தேன். பின்னால் சத்தம் அப்போதுதான் வந்தது. திரும்பினேன். மேடைப் பலகை ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் ராடு கிடந்தது. என் பின்கால் இருந்த இடம் அது.

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு என்னிடம் ஓடி வந்து தோளைத் தடவிப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் புடிச்சிருந்தா கையே கயண்டு வந்திருக்கும், தம்பி” என்றார். இவரும் அண்ணன் கட்சி என்று குறித்துக்கொண்டேன்.

மாமா வந்தார். “ஏன் மாமா தட்டினீங்க? நாந்தான் தூக்கிட்டேன்ல!” என்று கத்தினேன்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். “மூத்தவ புள்ள ஜெயிக்கணும்னு எம்புள்ளைய கை தட்டி வுட வெச்சியா?”

“தட்னேன்க்கா.”

“இன்னாத்துக்குத் தட்ன?”

“தட்டணும்னு தோணிச்சு.”

குற்றத்தை ஒப்புக்கொண்டபின் விசாரணை எதற்கு? அம்மா முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மாமா எனக்கு எதிராகச் செய்த சதி அவர் வாயாலேயே நிரூபணமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் வெகுகாலம் மாற்றவில்லை.

நாங்கள் மூவரும் நடந்து திரும்பினோம். மாமா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கைதியை அழைத்துப் போவது போல அவ்வளவு இறுக்கம். குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் தனியாகப் பின்னால் வந்தான். அந்தக் குடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வழியில் ஒரு டீக்கடையில் மாமா மூன்று டீ சொன்னார்.

“மாமா, என் மூணாவது எப்டி இருந்துச்சு?” என்று அண்ணன் கேட்டான்.

“ம்” என்றார். அவன் பக்கம் திரும்பவில்லை. சோமாறி என்றும் சொல்லவில்லை.

என்னை விடாமலே மறுகையால் டீயை வாங்கினார். கிளாஸ் அவர் விரல்களில் ஆடியது. உதட்டுக்குப் போவதற்குள் டீ தளும்பி, புறங்கையில் வழிந்து, சட்டையில் கொட்டியது. பெஞ்சில் வைக்கப் பார்த்தார். பெஞ்சில் பட்டு அது கடகடவென்று அடித்துக்கொண்டது. கடைக்காரர் “இன்னா மாஸ்டர், ஜொரமா?” என்று கேட்டார். மாமா இல்லையென்று தலையாட்டினார்.

அண்ணன் குடம் ஜெயித்துவிட்டான் என்றதும் இந்த மனிதருக்கு ஒரு டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது. என் மணிக்கட்டை அவர் பிடியிலிருந்து உருவிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.