காலனி விளக்கின் இரண்டு நிமிஷம்

மனு எழுதினால் ரசீதாவது கிடைக்கும். சர்க்யூட் போட்டால் முதலில் கிடைப்பது புகைதான். இரண்டிலும் கை சுட்டுக்கொண்டவர்களே, இது உங்களுக்காக.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனித் தெருவிளக்கின் சுவிட்ச் ஊர்த்தெருவில் இருந்தது. அவர்களுக்கு நினைவு வந்தால்தான் எங்களுக்கு வெளிச்சம். எத்தனையோ மனு, இரண்டு மறியல்; ஒன்றும் அசையவில்லை. கடைசியில், இருட்டினால் விளக்கைத் தானே எரியவைக்கும் சுவிட்ச் ஒன்றை நானே செய்தேன். கட்சிக்கு நோட்டீஸ் அச்சடிப்பவன் நான்; என் படிப்பெல்லாம் அந்த நோட்டீஸ் படிப்பு. பாகங்களோடு வந்த நோட்டீஸே இதற்கும் போதும் என்று நினைத்தேன்.

"ஒரு வாரம் பாப்போம். ஏழாம் நாள் நான் வரும்போது அணைஞ்சா, சுவிட்ச் பழைய இடத்துக்கே போயிடும்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

பகலா, ராத்திரியா?

வெளிச்சத்தை உணரும் சின்னக் கண்ணுக்கு எல்.டி.ஆர். என்று பெயர். அதைப் பல்புக்குக் கீழேயே வைத்து வீட்டில் சோதித்தேன். இருட்டியதும் பல்பு எரிந்தது. தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, பொழுது விடிந்ததென்று அணைந்தது. அணைந்ததும் இருட்டு, மறுபடி எரிந்தது. என் மனைவி எஸ்தர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தானே எரிஞ்சி, தானே விடிஞ்சிடுச்சின்னு நம்பிக்குது. உன் கட்சி மாதிரியே கீதுய்யா."

தலைவர் கார்

கண்ணைப் பல்புக்கு முதுகு காட்டி, சாலைப் பக்கம் திருப்பிக் கம்பத்தில் கட்டினோம். முதல் நாள் மாலையே தலைவர் வேடிக்கை பார்க்க வந்தார். கார் ஹெட்லைட் பட்டதும் விளக்கு சட்டென்று அணைந்தது. துண்டைத் தோளில் போட்டதற்காக இந்த ஊரில் அடி வாங்கியவன் நான். அது தெரிந்தும், நடவு வேலைக்குப் போகும் கன்னியம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"பெரியவங்க வண்டியக் கண்டா இதுவும் துண்ட இடுப்புல கட்டிக்கினு கும்புடுதே நைனா!"

எண்ணிக்கொண்டு நின்றது

மறுநாள், அணைவதைத் தாமதப்படுத்த, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கண்டன்சர் ஒன்றைச் சேர்த்தேன். இனி, இரண்டு நிமிஷம் விடாமல் வெளிச்சம் பட்டால்தான் விளக்கு அணையும். சூரியனுக்கு அந்தப் பொறுமை உண்டு. கார்களுக்கு இல்லை என்பது என் கணக்கு.

ஏழாம் நாள் மாலை தலைவர் கார் கம்பத்துக்கு நேராக வந்து நின்றது. ஹெட்லைட்டை அணைக்கவில்லை. அவர் இறங்கவும் இல்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பது. எண்பது. நூற்றுப்பத்து வந்தபோது டிரைவர் லைட்டை அணைத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சரிப்பா, இங்கியே இருக்கட்டும். ஊர்த்தெருவுக்கும் ஒண்ணு செஞ்சிக் குடு" என்றார் தலைவர். நான் வாய் திறப்பதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டாள்:

"மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

தலைவர் இன்னும் பத்து விநாடி பொறுத்திருந்தால் நான் தோற்றிருப்பேன் என்பதை மட்டும் இதுவரை எந்த நோட்டீஸிலும் நான் அச்சடிக்கவில்லை.