நனையக் கூடாத கூடை

தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டு, விரல்களைக் குவித்து எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுகிறார் பெருமாள்சாமி. மல்லிகைக் கூடைக்கு மூன்று முறை. செவ்வந்திக்கு இரண்டு. கனகாம்பரத்துக்கு ஒன்றே ஒன்று. அதற்கு மேல் போனால் அழுகிவிடும். வாய், பூவை நேரத்துக்குக் கொண்டுவராத செம்பட்டி பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருக்கும். கை தன் வேலையைப் பார்க்கும்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருபது வருஷமாகக் கமிஷன் கடை. பூவை அவர் முகர்ந்து பார்ப்பதில்லை. ஒரு பிடி அள்ளி, மூடித் திறந்து, "சித்தையன்கோட்டப் பூ. வெயிலேறிப் பறிச்சிருக்கான்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வீட்டுக்கு மட்டும் ஒரு முழம் போனதில்லை. "ஊருக்கெல்லாம் பூ, எனக்கு வாழநாரு" என்று மனைவி ராமுத்தாய் சொல்லிச் சொல்லி, 1958 மார்கழியில் அவர் ஒரு சத்தியம் செய்தார்: பொங்கலுக்கு வாடாத பூவே ஒரு கூடை வரும்.

நாடகத் திரை எழுதும் பேச்சிமுத்து, பொடிச் சாயத்தில் அந்தக் கூடையை அட்டையில் படமாக எழுதிக் கொண்டுவந்தார். மல்லிகையெல்லாம் இதழ் விரித்துச் சிரித்தது. பெருமாள்சாமி முகம் சுளித்தார்.

"ஏலே அப்பு, இது நேத்துப் பூவுல்ல? விரிஞ்சத எவன் வாங்குவான்? மொக்கா எழுது."

"மொக்குல பாக்க என்னண்ணே இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் உசுரு இருக்கு."

அத்தனை பூவையும் மூடி எழுதிக் கொடுத்துவிட்டு, பேச்சிமுத்து நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்விட்டார். பக்கத்துக் கடை சனாவுல்லா படத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பூக்கடைய மூடிட்டு அரிசி மண்டி வச்சுட்டீகளா?" என்றார்.

பொங்கல்வரை நாலு பேர் பார்க்கட்டும் என்று படத்தைக் கூடைகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார். மறுநாள் காலை, பேசிக்கொண்டே தெளித்து வந்த கை, படத்து மல்லிகைக்கும் மூன்று முறை தெளித்தது. செவ்வந்தியின் மஞ்சள் கரைந்து மொக்குகளுக்குள் இறங்கியது. பதறிப்போனவர், வாடும் பூவுக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்.

படத்துக்குக் கண்ணாடி போட வந்த கண்ணாடிக்கடை சூசைராஜ் சாக்கைத் தூக்கியபோது, பாதிக் கூடை சாக்கோடு வந்தது.

"மிச்சத்துக்குக் கண்ணாடி போட்டுத் தாரேன். ஆனா இனிமே பொட்டுத் தண்ணி படக்கூடாதுண்ணே. இடுக்குல எறங்குச்சுன்னா வெறும் அட்டதான்."

"தண்ணி பட்டாச் சாகுற பூவ இப்பத்தான் கேள்விப்படுறேன்" என்றார் பெருமாள்சாமி, சூசைராஜ்தான் ஏதோ தொழில் தெரியாதவர் என்பதுபோல.

பொங்கலன்று படம் வீட்டுச் சுவரில் ஏறியது. பாதிக் கூடையும் மஞ்சள் படிந்த மொக்குகளுமாக இருந்ததை ராமுத்தாய் நெடுநேரம் பார்த்தார். "மஞ்சத் தண்ணி தெளிச்சாப்புல மங்களமாத்தான் இருக்கு" என்றார்.

இப்போதும் தினம் மத்தியானம் கடையடைத்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, நேரே படத்தின் முன்னால் போய் நிற்கிறார். விரல்கள் அதற்குள் குவிந்துவிடுகின்றன. ராமுத்தாய் அடுப்படியிலிருந்து ஓடி வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

"செத்தப் பொறுங்க."

முந்தானையால் விரல் விரலாகத் துடைக்கிறார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த பிறகே விடுகிறார். காய்ந்த கை கண்ணாடியைப் பார்த்துச் சுண்டுகிறது, மூன்று முறை.