பக்கத்தில் வராத அலகு

கண்டக்குழியில், வீட்டின் பின் அறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் நான் வேலை செய்கிறேன். கடல் காலநிலைத் தகவல் தரும் ஏபிஐ ஒன்றுக்கு ஆவணம் எழுதும் வேலை. அதாவது, எங்கள் சேவையிடம் எதை எப்படிக் கேட்பது, என்ன பதில் வரும் என்று மற்ற நிரலாளர்களுக்கு விளக்குவது. "கடலைப் பற்றி எழுதச் சம்பளமா? நாங்க அதைச் சும்மாவே ஏசுறம்" என்று அண்ணா கேலி செய்வார். அவர் மீன்பிடித் தொழில்.

விளக்கங்களை நிரலுக்குள்ளேயே எழுதினால், ஒரு கருவி அவற்றைத் திரட்டி இணையப் பக்கமாக்கித் தரும். ஒரு வரி எதைப் பற்றியது என்று காட்டும் டேக்குகளில், அந்தக் கருவிக்குத் தெரிந்தவை எனக்குப் போதவில்லை. @அலகு என்று சொந்தமாக ஒன்று வைத்தேன். காற்றின் வேகத்துக்கு நேரே '@அலகு செக்கனுக்கு மீற்றர்' என்று எழுதினேன். தமிழில் டேக் வைத்த பெருமை வேறு. சொந்த டேக்கைக் கருவியின் அமைப்புக் கோப்பில் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்த வரி பக்கத்தில் வராது; 'தெரியாத டேக்' என்று மஞ்சளில் ஓர் எச்சரிக்கை மட்டும் ஓடும். நான் பதிய மறந்தேன். மஞ்சள் வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடிய எரிச்சலில் எச்சரிக்கைகளையே நிறுத்தியும் வைத்திருந்தேன். எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யாதீர்கள் என்று அதே ஆவணத்தில் எழுதியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

புத்தளத்தில் இருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்து எங்கள் தகவலைக் காட்டும் போன் செயலி ஒன்றை மீனவர்களுக்காகச் செய்தார். அலகைக் காணாததால், மணிக்குக் கிலோமீற்றர் என்றே எடுத்துக்கொண்டார்.

அண்ணா போனை நம்புகிற ஆள் இல்லை. நான்தான் நச்சரித்து அவருடைய போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் பின்னேரம் வலை போடத் தனியாகப் புறப்பட்டவர், அறை வாசலில் நின்று திரையைக் காட்டினார்.

"இன்னும் ரெண்டு மணித்தியாலத்தில பதினாலு கிலோமீற்றராம். இதெல்லாம் ஒரு காத்தா?"

"ஓம், போயிட்டு வாங்க அண்ணா" என்றேன். கணினியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

செக்கனுக்குப் பதினாலு மீற்றர் என்றால் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர். படகு மறுநாள் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. அண்ணாவை மூன்றாம் நாள் தலவிலப் பக்கம் கண்டெடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த கிழமை, அந்தப் பதினாலு மனதைக் குடைய, புத்தளத்துக்காரரை அழைத்தேன்.

"தங்கச்சி, பக்கத்தில அலகே இல்லியே" என்றார். "ரெண்டு தரம் தேடிப் பாத்தன்."

நிரலைத் திறந்தேன். என் வரி அங்கே இருந்தது. பக்கத்தைத் திறந்தேன். இல்லை. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் அலகு வந்துவிட்டது. ஒரு நிமிட வேலை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நடந்ததை அவரிடமும் அலுவலகத்திலும் ஒப்புக்கொண்டேன், செயலியும் திருத்தப்பட்டது. வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, அண்ணி என் பக்கத்தில் இருந்தா. கையில் செபமாலை. நான் அழுவதைப் பார்த்து என் முதுகைத் தடவினா.

"அழாதேங்க. காத்து ஆருக்குச் சொல்லிப்போட்டு வருது?"

அது சொல்லிவிட்டுத்தான் வந்தது, அண்ணி. அண்ணாவின் காதுக்குப் போகாமல் நிறுத்தி வைத்தவள் நான்.