மன்னியின் கப்பல் காலாட்படை

எங்கள் வீட்டில் ஒரு பலாமர மணை இருக்கிறது. உட்காரும் பக்கம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால், அடியிலுள்ள இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஊதா மைக்கறை தெரியும். சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கறையிடம் தோற்றுப்போனார்கள். நாடு விடுதலை அடைந்து சில வருஷங்களே ஆகியிருந்த நாளில், அந்த இடத்தில்தான் ஒரு விண்கப்பற்படை வந்து நின்றது. அதைக் கொண்டுவந்து நிறுத்தியவள் என் அண்ணாவின் மனைவி, என் மன்னி.

அப்போது நாங்கள் ஸ்ரீவராகத்தில் குடியிருந்தோம். நான் பி.ஏ. தேறிவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்தேன். படித்தவன் சமூகத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில், தெருவுக்கென்று ஒரு கையெழுத்து மாதப் பத்திரிகை தொடங்கினேன். பிரதி ஒன்றே ஒன்று. வீட்டுக்கு ஒரு நாளாக அது தெருவைச் சுற்றி வரும். கடைசியில் வாசகர் கருத்துக்காகச் சில வெற்றுத்தாள்களைச் சேர்த்துத் தைத்திருப்பேன். அவற்றில் ஆண்கள் மட்டுமே எழுதினார்கள். பெண்களும் ஒரு வரி விடாமல் படித்தார்கள்; ஆனால் தங்கள் கருத்தைக் கிணற்றடியில் சொல்லிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பத்திரிகையின் உயிரே மன்னியின் தொடர்கதைதான். விடியுமுன் அடுக்களைக்குள் போனால் இரவு அடுப்பு மெழுகிய பிறகே வெளியே வரும் அவளுக்கு, எழுத அவகாசம் கிடைத்தது மாதத்தில் மூன்று நாள் மட்டும். அக்கால வழக்கப்படி அந்த நாட்களில் கொல்லைப்புற அறையில் தனியே இருப்பாள். தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய், இந்த மணை. யாரும் அவளிடம் வேலை சொல்ல முடியாது. மணையை மடியில் கவிழ்த்து, அதன் மேல் தாளை வைத்து எழுதுவாள். ஒரு பெண்ணை ஒதுக்கி உட்காரவைக்கும் அந்த வழக்கத்தை நான் அன்றும் நியாயம் என்று கருதியதில்லை. ஆயினும் அதன் பயனாகத்தான் எங்கள் தொடர்கதை மாதந்தவறாமல் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தாளுக்குத் தீட்டு கிடையாது என்று அம்மா ஒரு தீர்ப்பும் வழங்கியிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவளுக்கும் கதையில் அடுத்து என்ன என்று தெரிய வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

கதை இதுதான். சனிக் கிரகத்தின் ஒரு நிலாவில், நிலத்துக்கடியில் சுரங்கங்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துவைத்து ஒரு கொடுங்கோலன் வேலை வாங்குகிறான். அவர்களை மீட்க ஒரு விண்கப்பற்படை போகிறது. அதன் தலைமைக் கப்பலின் அடித்தட்டில், மேலே இருப்பவர்கள் மறந்தே போன ஒரு காலாட்படை உட்கார்ந்திருக்கிறது. பீரங்கிக்காரர்களுக்கும் மாலுமிகளுக்கும் ஓயாத வேலை. இந்தச் சிப்பாய்களோ துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டும், தாயம் ஆடிக்கொண்டும், எப்போது இறங்குவோம் என்று காத்திருக்கிறார்கள். மன்னியின் தமையன் யுத்தத்தில் பர்மாக் கரைக்குப் போனவர். கப்பலின் அடித்தட்டில் வாந்தியும் புழுக்கமுமாகக் கிடந்த வாரங்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அவள் மனத்தில் தங்கியிருந்தது.

எதிர்வீட்டில் இருந்த கல்லூரி விரிவுரையாளரைத் தெரு முழுவதும் பௌதிக மாமா என்று அழைத்தது. அவருக்கு இந்தக் காலாட்படையைக் கண்டாலே ஆகவில்லை. கருத்துத் தாளில் பக்கம் பக்கமாக எழுதினார். அத்தனை பேருக்கும் வேண்டிய காற்று, தண்ணீர், சோறு ஆகியவற்றின் பாரத்தை யார் இழுப்பது? எட்ட நின்று ஒரு கதிரை ஏவினால் காரியம் முடிந்தது. காலால் நடக்கிறவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை? அவர் எழுதியதை நான் கொல்லை அறைக் கதவுக்கு வெளியே நின்று வாசித்துக் காட்டினேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கதிர் அடிச்சா கதவு திறக்குமோ? கதவும் போயிடும், உள்ள இருக்கறவாளும் போயிடுவா. அவாளைக் கையைப் பிடிச்சு வெளியில கூட்டிண்டு வரணும்னா ஒருத்தன் நடந்துதான் போகணுமாக்கும். இதை உங்க மாமா கிட்ட சொல்லும், பத்திராதிபரே" என்றாள்.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. படையை இறக்குவது எளிது. இறங்கிய படை திரும்பிப் போகுமா? நம் நாட்டில் வந்து இறங்கியவர்கள் போவதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று? மீட்க வந்தவனே எஜமானன் ஆகிவிட்டால் சுரங்கத்து மக்களின் கதி என்ன? இதைக் கேட்டபோது மன்னி சிரிக்கவில்லை. அதுவும் நியாயமான கேள்விதான், அதற்கும் ஒரு வழி செய்கிறேன் என்றாள்.

வழி செய்வதற்குள் தொடர்கதை நின்றுவிட்டது. ஒரு மாதம் வரவில்லை. மறு மாதமும் வரவில்லை. கப்பல் நிலாவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்திராதிபர் என்ற பொறுப்பில், கூடத்தில் நாலைந்து மாமிகள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், மன்னி ஏன் இரண்டு மாதமாக எழுதவில்லை என்று நான் உரக்க விசாரித்தேன். கோடிவீட்டு மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மன்னி முழுகாமல் இருந்தாள். தொடர்கதை வராத முதல் மாதமே தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஊகித்துவிட்டார்களாம். எடுத்துச் சொல்லும்வரை தெரியாமல் இருந்தது பி.ஏ. தேறிய எனக்கு மட்டும்தான்.

சீமந்தம் முடிந்ததும் மன்னி பிரசவத்துக்காகப் பிறந்தகமான சுசீந்திரத்துக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. கைக்குழந்தையோடு திரும்பி வந்தபின் அவளால் எழுத முடியும் என்று எவரும் நம்பவில்லை. இதற்குள் பௌதிக மாமா, கதையைத் தாமே முடித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். ஒரே கதிர், நிலாவே தூள். விஷயத்தைச் சொன்னதும் மன்னி மாவுக் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இத்தனை மாசம் அவாளை அடித்தட்டுல உக்காத்தி வெச்சிருக்கேன். இறக்காம நான் ஊருக்குப் போனா பாவமில்லையா?"

ஆனால் எழுத நேரம் ஏது? அந்த மூன்று நாள் இனி வெகுகாலத்துக்கு இல்லை. மாதம் மூன்று நாள் எப்படியோ சமாளித்துவந்த அம்மாவுக்கு, அதற்குமேலும் அடுக்களையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல முட்டிவலி இடம் கொடுக்கவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: அன்று மாலை பத்திரிகையைக் கோடிவீட்டில் கொடுக்கும்போது, இன்னின்னபடி இருக்கிறது, அடுத்த இதழில் நிலா தூளாகப் போகிறது என்று மாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கொல்லை வாசல் திறந்தது. கோடிவீட்டு மாமி ஒரு பெரிய வெண்கலப் பானையோடு உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் இருவர். கர்ப்பிணிக்கு ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் தெருவின் வழக்கம். கொண்டுவந்ததை மறுப்பது எந்த வீட்டிலும் கிடையாது.

"உங்க நாட்டுப்பொண்ணுக்கு மோர்க்குழம்பு மேல ஆசையாம், மாமி."

"ஒருத்திக்கு ஆசைன்னா இவ்வளவு பெரிய பானையா?" என்றாள் அம்மா.

"அவளுக்குப் பெரிய ஆசை. கேட்டேளா, நாளைக்கு எங்காத்து ஓரகத்தி அடை கொண்டு வரா."

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. ஆசை ஒருத்திக்கு, சாப்பாடு வீடு முழுவதற்கும். சிலர் பாத்திரம் கழுவிவைத்துவிட்டும் போனார்கள். எங்கள் அடுப்பில் பால் தவிர வேறெதுவும் ஏறவில்லை. மன்னி கொல்லை அறையில் மணையை மடிமேல் கவிழ்த்துக்கொண்டு எழுதினாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து அந்த அறை வாசலில் போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்த மன்னி திடுக்கிட, மைப்புட்டி கவிழ்ந்தது. நான் கூடத்திலிருந்து ஓடினேன். மை மணையில் பரவிக்கொண்டிருந்தது. தாளை மட்டும் மன்னி உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா எல்லாரும் நினைச்சிண்டிருக்கேள்?" என்றாள் அம்மா. "அது கிடக்கட்டும். சிப்பாய்கள் இறங்கினாளா, அதைச் சொல்லு."

இறங்கினார்கள். காலாட்படை சுரங்க வாசலை உடைக்காமல் தட்டியது. காவலர்களோடு இருட்டில் கைகலந்தது. கிழவர்களைத் தோளிலும் குழந்தைகளை இடுப்பிலும் சுமந்து வெளியே வந்தது. என் கேள்விக்கும் வழி வைத்திருந்தாள். இறங்குமுன் ஒவ்வொரு சிப்பாயும் தன் பாயையும் தம்ளரையும் அடித்தட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அந்தப் படையின் விதி. படுக்கவும் தண்ணீர் குடிக்கவும் கப்பலுக்கே திரும்பியாக வேண்டும், தங்கிவிட முடியாது. அரசியல் சாத்திரத்தில் அது போதுமான காப்பு அல்ல என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைவிட நல்லதொரு விதியை என்னால் இதுவரை யோசித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த இதழின் கருத்துத் தாள்களில் முதன்முறையாகப் பெண்கள் எழுதினார்கள். வெளியே வந்த அத்தனை பேருக்கும் அன்று ராத்திரி யார் சமைத்தது என்று கோடிவீட்டு மாமி கேட்டிருந்தாள். பாரத்தைப் பற்றிய தம் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது என்றும், இறங்கிய விதம் நன்று என்றும் பௌதிக மாமா எழுதியிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் தனியே உட்காருவதில்லை. மருமகள்கள் மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, நினைத்த நேரத்தில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். ஆகாயத்துக்கு மனிதன் போக வேண்டியதே இல்லை, இயந்திரங்கள் போதும் என்று அவர்கள் சாப்பிடும்போது வாதாடுவதும் என் காதில் விழுகிறது. போன தீபாவளிக்கு மன்னி வந்திருந்தாள். தலை முழுக்க வெண்பஞ்சு. இந்த வாதத்தைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, உட்காருவதற்காக நான் போட்ட மணையை எடுத்துக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கறையின் மேல் விரலை ஓட்டினாள்.

"வெள்ளைத் தாள் இருக்கா, பத்திராதிபரே?" என்றாள்.