அப்பா கேட்டு வாங்கிய ரோடு

எங்கள் தெருவுக்கு ரோடு கேட்டு மனு கொடுப்பதிலேயே அப்பாவின் பாதி ஆயுள் போனது. திங்கட்கிழமையானால் வெளுத்த வேட்டி கட்டி, மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிவிடுவார். "உங்கப்பாவுக்கு மூத்த பிள்ளை அந்த ரோடுதான். நீங்கல்லாம் அப்புறம்" என்று அம்மா கேலி செய்வாள்.

எல்லாம் என் அண்ணனால் வந்தது. சீர்காழிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து துபாய்க்குப் போன முதல் ஆள் அவன். லீவில் வந்தபோது டாக்சி சேற்றில் பதிந்துவிட, பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தான். "இந்த ஊருக்கெல்லாம் மனுஷன் வருவானா?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. ரோடு இருந்தால் பிள்ளை அடிக்கடி வருவான் என்று நம்ப ஆரம்பித்தார். துபாய்க்காரன் என்ன எங்கள் தெருவைப் பார்த்தா லீவு கொடுக்கிறான்?

ஒருவழியாக ரோடு வந்தது. அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தார்.

வந்த ரோட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் நாதியில்லை. ஒரு குழி விழுந்தால் அடைக்க நிதி கிடையாது. தெருவே குண்டும் குழியுமாகிப் போனால் புதிதாகப் போட நிதி வரும். ஒரு முறை எம்.எல்.ஏ. நிதி, அடுத்த முறை வெள்ள நிவாரணம், அப்புறம் ஏதோ வெளிநாட்டுக் கடன். ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டித் தார் போட்டார்கள். தெரு உயர்ந்துகொண்டே போனது. படியேறி நுழைந்த வீட்டுக்குள் நாங்கள் படியிறங்கிப் போனோம்.

வேலையைப் பார்க்க வந்த என்ஜினீயரிடம் அப்பா கெஞ்சினார். "சார், ஓரத்துல ஒரு வடிகாலாவது வெட்டிக் குடுங்க."

"ரோடு வேற நிதி, வடிகால் வேற நிதிங்க பெரியவரே. அதுக்குத் தனியா மனு குடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோ அடுத்த திங்கட்கிழமையே புறப்பட்டுவிட்டார். விவசாயி அல்லவா, வாசலை அடைத்து வயலுக்குப் போடுவதுபோல வரப்பும் போட்டார். முதலில் மண்ணால், பிறகு செங்கல்லால். ஐப்பசி மழை இரண்டையும் தாண்டி உள்ளே வந்தது. அவரும் அம்மாவும் கட்டில்மேல் உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருப்பார்கள். என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றால், "பையன் வந்தா பூட்டுன வீட்டையா பார்க்கணும்?" என்பார்.

ஒரு கார்த்திகையில், அப்படிக் காத்திருந்த கட்டிலிலேயே அப்பா போய்விட்டார். மழை விட்டிருந்தது, ஆனால் கூடத்தில் முழங்கால் தண்ணீர். சவப்பெட்டியை வைக்க இடமில்லை. ஜெபம் செய்ய வந்த போதகர் உள்ளே இறங்க முடியாமல் தெருவிலேயே நின்றார். மேடாக, காய்ந்து கிடந்த ஒரே இடம் ரோடுதான். ஷாமியானா கட்டி, பெஞ்சு போட்டு, அங்கேயே அப்பாவைக் கிடத்தினோம்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பார்த்தியாடி, கடைசியில மூத்த பிள்ளைதான் தாங்குது" என்றாள். அதற்குப் பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் அண்ணனின் கார் வந்தது. சேறு படாமல், குலுங்காமல், நேராக அப்பாவின் காலடிவரை வந்து நின்றது.