ஆட்சேபணை ஏதுமில்லை

1. நம்பர்

நகரசபை ஆபீசில் தபால் கிளார்க்காக நான் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் ஒரு தடித்த ரிஜிஸ்டரைத் தூக்கி என் மேஜையில் போட்டார்.

"வருத காயிதத்துக்கெல்லாம் வரிசையா நம்பர் போடணும். நம்பர் விழுந்தா வந்ததுன்னு அர்த்தம். விழலைன்னா, கவர்னரே வந்துட்டுப் போனாலும் யாரும் வரலைன்னு அர்த்தம். வெளங்குதா?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எந்த நகரசபை என்று கேட்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஓடுகிற அந்த ரோட்டிலேயே என் சர்வீஸ் முழுவதும் தேய்ந்துவிட்டது. அன்றைய சேர்மனின் பேரன்மார் இன்றும் என்னைக் கண்டால் கும்பிடுகிறார்கள். ஊர் பெயர் வேண்டாம்.

2. வண்டிப்பேட்டை

இரண்டாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஊர் நடுவில் வண்டிப்பேட்டை இருந்தது. மம்சாபுரத்திலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் பருத்தியும் நெல்லும் ஏற்றி வரும் மாட்டு வண்டிகளை அங்கேதான் அவிழ்த்துப் போடுவார்கள். அந்த வண்டிகளை நம்பித்தான் சுற்றிலும் இருந்த கடைகள் எல்லாம். புண்ணாக்குக் கடை வேலம்மாள், நாலைந்து சோற்றுக் கடைகள், லாடம் அடிக்கிற சூசை.

சூசை முதல் யுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய், கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடித்துவிட்டு வந்தவர். எப்பேர்ப்பட்ட முரட்டுக் காளையையும் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலுக்கும் லாடம் கட்டி, அது கோபித்துக்கொள்வதற்குள் எழுப்பி விட்டுவிடுவார். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

பேட்டையை ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளிக் கொண்டுபோக வேண்டும், அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்ட் கட்ட வேண்டும் என்று கவுன்சிலில் ஒரு யோசனை வந்தது. அன்று ஊருக்குள் வந்துபோனது, பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய இரண்டே இரண்டு கரி பஸ்கள். அதுவும் ஏற்றத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். இருந்தாலும் மதுரையில் இருக்கிறதே, நமக்கு வேண்டாமா?

முறைப்படி போர்டில் நோட்டீஸ் ஒட்டினோம். தண்டோராவும் போட்டோம். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

பத்தாம் நாள் காலை பேட்டைக்காரர்கள் எல்லோரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தட்டில் எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு சேர்மனைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார்கள். பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் அப்படித்தான் போவார்கள். நான் சேர்மன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டி அங்கன போயிட்டா, நாங்க எங்கன போறது? எம் பட்டறைய மட்டுமாவது மூலையில ஒதுக்கி வைங்க முதலாளி" என்றார் சூசை.

சேர்மன் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நான் இருக்கும்போது ஒங்களுக்கு என்னய்யா கொறை? பாத்துக்கிடுதேன், போங்க."

எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் சூசை மட்டும் என் மேஜைப் பக்கம் ஒதுங்கினார்.

"கிளார்க்கய்யா, பட்டாளத்துல செருப்பு அறுந்தாக்கூட காயிதம் கேப்பான். இங்கன எழுதிக் குடுக்க வேண்டாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த வேலம்மாள் சீறினாள். "அவிய மொகத்துக்கு நேரே சொல்லிட்டாவ. அதுக்குப் பொறவும் காயிதம் குடுத்தா, அவியள நம்பலைன்னு ஆயிரும்லா? மருவாதி கெட்ட வேலை."

சூசை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று காலைதான் மேனேஜர் என்னிடம், "எவனாவது எழுதிக் கொண்டாந்தா வாங்கு. நீயா கேட்டு வாங்காத" என்று சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் பாக்கி.

"அதான் சேர்மனே சொல்லிட்டாரே" என்றேன்.

சூசை தலையாட்டிவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

3. தீர்மானம்

முப்பது நாள் முடிந்தது. ரிஜிஸ்டரில் ஒரு காயிதமும் இல்லை. "ஆட்சேபணை ஏதுமில்லை" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கவுன்சிலில் மேனேஜர் அதை வாசித்தபோது சேர்மன் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு, "யாருக்கும் ஆட்சேபம் இல்லைங்கும்போது நாம எதுக்கு யோசிக்கணும்?" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். அடுத்த விஷயம் தெரு விளக்கு.

பட்டறையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் போனதும் சூசை ஓடிவந்தார்.

"அம்புட்டு பேரு வந்து சொன்னோமேய்யா. அது எங்க போச்சு?"

பைலைத் திறந்து காட்டினேன். பட்டாளத்தில் எழுத்துக் கூட்டப் படித்தவர். விரலை வைத்து மெல்ல வாசித்தார்.

"இது யாரு எழுத்து?"

"என் எழுத்துதான்."

அவர் சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த சொல்லிருந்தா, அங்கனயே கைநாட்டு வச்சிட்டாவது போயிருப்பமே" என்றார்.

புதுப் பேட்டையில் கிணறு தோண்டவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் எந்த வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பான்? வண்டிகள் நிற்காமல் நேரே மில் வாசலுக்குப் போய்விட்டன. வேலம்மாள் கடையை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போனாள். சூசை பருத்தி மில்லில் பொதி தூக்கப் போனார், ஐம்பது வயதுக்கு மேல். யுத்தத்தில் சிமென்ட் கிடைக்கவில்லை என்று பஸ் ஸ்டாண்டும் கட்டவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை அங்கே கழுதைகள்தான் மேய்ந்தன.

4. பதில்

ஒரு வருஷம் போயிருக்கும். நகரசபைக் குப்பை வண்டி மாடுகள் லாடம் தேய்ந்து நொண்ட ஆரம்பித்தன. பக்கத்தில் லாடம் அடிக்க ஆள் இல்லை. குப்பை தெருவிலேயே நாறியது. சேர்மன் வீட்டு வாசலிலும் நாறியது.

"அந்தச் சூசையக் கூப்புடு. பழைய எடத்துலயே கொட்டகை போட்டுத் தாரோம்னு எழுது" என்றார் மேனேஜர். எழுதினேன். பியூன் மில் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் சூசையே வந்தார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் தட்டு இல்லை, நாலாக மடித்த ஒரு காயிதம் இருந்தது.

"உள்ள போய் நேர்ல சொல்லுங்களேன், சேர்மன் இருக்காரு" என்றேன்.

"வேண்டாம்யா. நம்பர் போடுங்க."

பிரித்தேன். கோணல்மாணலான எழுத்தில் ஒரே வரி: 'எனக்கு ஆட்சேபணை உண்டு.'

நம்பர் போட்டேன். முழுதாகப் போட்டு முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மில்லுக்குத் திரும்பிப் போனார்.

புதிதாக ஆபீசில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். யாராவது வந்து வாயால் சொன்னால், ஒரு காயிதத்தை எடுத்து நீங்களே எழுதி, கைநாட்டு வாங்கி நம்பர் போடுங்கள். நான் அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தேன். இரண்டு முறை பிரமோஷன் தள்ளிப்போனது. போகட்டும். சூசைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.